சுமை சொல்லும் கம்பி

அந்தத் தெருவில் அவளைப் 'பலகை அக்கா' என்றால்தான் தெரியும். மின்பலகை, அதாவது சர்க்யூட் போர்டு, வடிவமைப்பது அவள் தொழில் என்பது பாதிப் பேருக்குப் புரியாது. ஒருமுறை ஒருவர் வாசலில் வந்து நின்று, கட்டிலுக்கு நாலடி அகலத்தில் பலகை கிடைக்குமா என்று கேட்டார். அவள் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மரக்கடைக்கு வழி சொல்லி அனுப்பினாள். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் அதைக் கேட்டுவிட்டு, "நாலடி இல்ல, நாலு விரல் அகலத்துல இருக்கு, கட்டில்ல எறும்பு படுக்குமான்னு கேட்டிருக்கணும்" என்று அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முன்னறையின் ஜன்னலோர மேசைதான் அவளுடைய பட்டறை. ஒரு கணினி, பற்றவைக்கும் கோல், ஒரு மீட்டர், தூசி தட்ட ஒரு பழைய பல் பிரஷ். பலகையில் செம்பு எந்த வழியாக ஓட வேண்டும், எங்கே அகல வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கணினியில் வரைவாள். வரைந்ததைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் பலகையாக அச்சாகி வரும். அதில் பாகங்களை வைத்துப் பற்றவைப்பாள். எந்தப் புதுப் பலகைக்கும் முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது, சுவிட்சில் விரலை வைத்தபடி ஒரு கணம் கண்களை மூடிக்கொள்வாள்.

"ஃப்யூஸ் போட்டிருக்கேல்ல, அப்புறம் சாமியை எதுக்குத் தொந்தரவு பண்ற?" என்பார் கணவர்.

"ஃப்யூஸ் பலகைக்கு. சாமி எனக்கு" என்பாள் அவள்.

அவளுடைய கொழுந்தன் பல வருடங்கள் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். வீட்டில் அவனுக்குப் பெயரே 'கப்பல்' என்று ஆகிவிட்டது. கடைசியாக விடுமுறையில் வந்து இறங்கிய அன்று, அவனுடைய சின்ன மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்று அவன் சாப்பிடவில்லை. இனி கப்பல் ஏறுவதில்லை என்று மறுநாள் காலையில் மனைவியிடம் சொன்னான்.

கரையில் பிழைக்க ஒரு வழி வேண்டுமே. சேமிப்பு முழுவதையும் போட்டுக் கிரிப்டோ நாணயம் எடுக்கும் இயந்திரங்களை வாங்கினான். இந்த வேலைக்குச் சுரங்கம் தோண்டுவது என்று பெயர். மண்வெட்டியும் கிடையாது, மண்ணும் கிடையாது. அலுமினியச் சட்டத்தில் வரிசையாகக் கிராஃபிக்ஸ் கார்டுகளை மாட்டிவிட்டால் அவை இரவும் பகலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். போட்ட கணக்குக்குக் கூலியாகக் கண்ணால் பார்க்க முடியாத காசு சேரும். இப்படி ஒரு சட்டத்துக்கு ரிக் என்று பெயர். அவனிடம் நான்கு ரிக்குகள் இருந்தன. பஜார் பக்கத்தில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அவற்றை நிறுத்தியிருந்தான்.

கார்டுகளுக்கு மின்சாரம் சும்மா வந்தால் போதாது, கொட்ட வேண்டும். பெரிய கணினிக் கூடங்களில் கழித்துப் போட்ட பவர் சப்ளைகள் மலிவாகக் கிடைக்கும். நல்ல உழைப்பாளிகள்தான். ஆனால் அவற்றிலிருந்து மின்சாரத்தை எடுத்துக் கார்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு தனிப்பலகை தேவை. அதைத்தான் அண்ணியிடம் கேட்டான். அந்தச் சப்ளைகளில் ஒரு குறை உண்டு. சுமை ஏறினால் உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் விசில் அடிப்பதுபோல் கத்தும். அதனால் ஒரு ரிக்குக்கு இரண்டு போதும் என்ற இடத்தில் அவள் மூன்றைச் சேர்த்து வரைந்தாள். "மூணு பேர் தூக்கினா யாருக்கும் மூச்சு வாங்காது. சத்தமே இருக்காது, பாரு" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தாள். வீட்டு மேசையில் சில பல்புகளை எரியவிட்டுச் சோதித்துப் பார்த்தபோது ஃபேன்கள் முணுமுணுக்கக்கூட இல்லை. அவளுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

அந்தப் பலகைகள் அறைக்குப் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு மத்தியானம் அவன் வந்தான். அண்ணன் அன்று விடுப்பில் இருந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும், "கப்பல் தரை தட்டின மாதிரி இருக்கே" என்றார். அவன் சிரிக்காமல் உட்கார்ந்தான்.

அறையில் சத்தம் தாங்கவில்லை என்றான். கீழே இருக்கும் தையல்காரர்தான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். மாதக் கடைசிக்குள் சத்தத்தை நிறுத்து, இல்லையென்றால் அறையைக் காலி செய் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு மின்சாரம் தாங்கும் வயரிங்கோடு வேறு அறை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கப்பல் கம்பெனியிலிருந்தும் போன் வந்திருக்கிறது. அவர்களுக்கும் மாதக் கடைசியில் பதில் வேண்டுமாம். அறை போனால் இயந்திரங்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. இதை எல்லாம் அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கம்பெனி ஆள் என்ன கேக்கறார் தெரியுமா அண்ணி? ரூம்ல இருந்து போனை எடுத்தா, 'எஞ்சின் ரூம் சத்தம் கேக்குதே, வேற கப்பல்ல ஏறிட்டீங்களா'ங்கறார்."

அண்ணன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சத்தம் இருக்காது என்று சொன்னவள் அவள்.

பிறகு அவன் வந்த காரியத்தைச் சொன்னான். ஃபேனுக்கு மின்சாரம் போகும் வழியில் அதைக் குறைக்கிற ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றுமாம். இணையத்தில் நிறையப் பேர் செய்கிறார்களாம். அதைப் பலகையிலேயே சேர்த்துக் கொடுக்க முடியுமா?

அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் அரைக்கால் சட்டையோடு திரிந்தவன். அதனால் அவனிடம் எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல மாட்டாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது, தெர்மாமீட்டரை உடைச்சுப் போட்டுடலாம்ங்கற" என்றாள். "அது கத்துதுன்னா சூடு தாங்கலைன்னு கத்துது. வாயைப் பொத்தினா சூடு எங்க போகும்? கீழ முழுக்கத் துணி வெச்சிருக்கார் அந்த மனுஷன். நான் நாளைக்கு வந்து பாக்கறேன்."

மறுநாள் காலை அவள் போனாள். தையல் கடைக்குப் பக்கவாட்டில் குறுகிய படிக்கட்டு. பாதி ஏறும்போதே சத்தம் காதில் குத்தியது. தொடர்ந்து ஒரே சுருதியில் இழுக்கும் விசில். நிற்பதும் இல்லை, மூச்சு விடுவதும் இல்லை. மாடியில் இரண்டு கதவுகள். ஒன்று கொழுந்தனுடைய அறை. மற்றதன் பூட்டை அப்போதுதான் ஒரு பெண் திறந்துகொண்டிருந்தாள். நர்ஸ் உடை, கசங்கிப் போயிருந்தது. இரவுப் பணி முடிந்து வருகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. உள்ளே போனவள், காலணியைக்கூடக் கழற்றாமல், ஒரு தலையணையைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு உடனே வெளியே வந்தாள். கதவைப் பூட்டிக்கொண்டே இவளைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"பாப்பாவோட பெரியம்மாவா?" என்றாள், சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி. "சாயந்திரம் அது அப்பாவைப் பாக்க வரும். கீழ்ப்படியிலேயே 'அப்பா'ன்னு ஆரம்பிச்சா மேல்படி வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு அப்பா. டியூட்டிக்குக் கிளம்பற நேரத்துல அதைக் கேட்டுட்டுப் போனா அன்னைக்கு வேலை லேசா இருக்கும்."

சொல்லிவிட்டுத் தலையணையோடு இறங்கிப் போய்விட்டாள். பலகை அக்கா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறைக்குள் நான்கு ரிக்குகளும் சுவரோரம் நின்றன. கார்டுகளின் சின்ன விளக்குகள் மினுங்கின. கொழுந்தன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. சத்தமே இருக்காது என்று வாக்குக் கொடுத்தவளுக்கு, கேட்காதது நல்லதுதான் என்று தோன்றியது. அவள் முதல் ரிக்கின் பின்னால் குனிந்து, சப்ளைகள் காற்றுத் தள்ளும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். முதல் சப்ளையின் காற்று அடுப்புப் பக்கம்போல் சுட்டது. இரண்டாவது வெதுவெதுப்பு. மூன்றாவதில் காற்றே ஜில்லென்று இருந்தது.

அடுத்த ரிக்குக்குப் போனாள். அங்கே நடுவில் இருந்தது சுட்டது. மற்ற இரண்டும் கிட்டத்தட்டச் சும்மா இருந்தன. மூன்றாவதிலும் நான்காவதிலும் இதே கதைதான். ஒவ்வொரு ரிக்கிலும் ஒன்றே ஒன்று உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தது. அது கத்துகிற கத்தலில் மற்றவை சும்மா இருப்பது வெளியே தெரியவில்லை. சூடான சப்ளை செருகியிருந்த இடத்தில் கனெக்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருந்ததையும் பார்த்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வகை, மூன்றும் பன்னிரண்டு வோல்ட் என்று நம்பி ஒன்றாக இணைத்திருந்தாள். ஆனால் எந்த இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு துளி கூடுதலாகக் கொடுக்கும். அந்த ஒரு துளிக்காக முழுச் சுமையும் அதன் தலையில் போய் விழும். அது முட்டி மோதித் திணறிய பிறகுதான் மிச்சம் அடுத்ததற்கு வரும். மூன்றாவதற்கு ஒன்றும் வராது. வீட்டில் அவள் சோதித்தபோது சுமையே கொஞ்சம்தான். ஒன்று தனியாகத் தூக்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. சுமை குறைவாக இருக்கும்போது யார் தூக்குகிறார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை.

வீடுகளிலும் நாம் இதைத்தானே பார்க்கிறோம். கொஞ்சம் தாராளமான கை எதுவோ அதைத் தேடித்தான் எல்லா வேலையும் வந்து சேர்கிறது. மற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவள் கொழுந்தனை வெளியே படிக்கட்டுக்கு அழைத்துவந்தாள்.

"தப்பு என்னோடதுப்பா" என்றாள். "இந்தச் சப்ளைல பெரிய தகடு ரெண்டு இருக்கு, அதுக்குப் பக்கத்துல பொடிப்பொடியா நிறைய ஊசி, பின்னுன்னு சொல்வோமே, அது இருக்கு. எது எதுக்குன்னு எங்கயும் எழுதிவைக்கல. தெரியாததைத் தொட வேண்டாம்னு ஆன் பண்ற ஊசியை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததுக்குப் பலகைல இடமே விடாம வரைஞ்சுட்டேன். அதுல ஒண்ணு, நான் எவ்வளவு தூக்கறேன்னு பக்கத்துல இருக்கறதுக்குச் சொல்ற ஊசியா இருக்கணும். அதைக் கண்டுபிடிச்சு வேற பலகை போட்டுத் தரேன்."

புதுப் பலகைக்கு ஆகும் செலவை அவன் பேச வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

இறங்கும்போது தையல் கடையில் நின்றாள். தையல்காரர் மேசைமேல் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தவறு தன்னுடையது, மாதக் கடைசிக்குள் சரிசெய்துவிடலாம் என்று சொன்னாள். அவர் கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினார். துணி ஒழுங்காக வெட்டுப்படுகிறதா என்று கை சொல்வதைவிடக் காதுதான் முதலில் சொல்லும், இத்தனை நாளாகத் தன் கத்தரிக்கோலின் சத்தம் தனக்கே கேட்கவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதைக்கூடப் பொறுத்துக்குவேம்மா. அந்த நர்ஸ் பொண்ணு தினம் காலைல தலையணையைத் தூக்கிட்டுப் போகுதே, பாத்தீங்களா? ராத்திரி முழுக்க நோயாளிங்களைப் பாத்துட்டு வந்து, தூங்கறதுக்கு ரெண்டு பஸ் மாறித் தோழி வீட்டுக்குப் போகுது. 'ஏம்மா, அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்'னேன். 'சொன்னா அவர் ரூமைக் காலி பண்ணிடுவார், அப்புறம் பாப்பா படியேறி வராதே'ங்குது. அது சொல்லாது. அதான் தம்பிகிட்ட நான் கத்தரிக்கோல் மேல பழியைப் போட்டேன்."

பலகை அக்கா திரும்பவும் படியேறிப் போய் அதைக் கொழுந்தனிடம் சொன்னாள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இயந்திரங்கள் கத்திக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தூங்குவாள் என்ற எண்ணம் இத்தனை நாள் அவனுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. பகலில் பூட்டிய கதவைப் பார்த்து, வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த காலையில் நர்ஸ் படியேறி வந்தபோது மாடி அமைதியாக இருந்தது. அவள் தன் கதவைத் திறக்காமல் அவனுடைய கதவைத் தட்டினாளாம். "என்னப்பா, எல்லாத்தையும் நிறுத்திட்ட? ஊரை விட்டுப் போறியா?" என்று கேட்டாளாம். நீங்கள் தூங்கி எழுந்திருக்கும் வரை ஓட்டப் போவதில்லை என்று அவன் சொன்னதும், உன் பிழைப்பைக் கெடுத்துவிட்டுப் படுத்தால் எனக்குத் தூக்கம் வருமா என்று சண்டைக்கு வந்துவிட்டாள். இப்படி ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்கிற சண்டை தையல் கடை வரைக்கும் கேட்டது. தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி மேலே வந்து பஞ்சாயத்துப் பேசினார். மத்தியானம் வரை இயந்திரங்கள் நிற்கட்டும். அதுவரை நர்ஸ் தூங்கட்டும், நானும் வெட்டும் வேலையை எல்லாம் காலையிலேயே முடித்துக்கொள்கிறேன். மத்தியானத்துக்கு மேல் தைக்கும் மிஷின் சத்தத்தில் எதுவும் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னார். மாதக் கடைசி வரைக்கும் இப்படிப் போகட்டும் என்றார்.

மூன்று பேருக்கும் மனம் லேசானது. ஆனாலும் பாதி நாள் நிற்கிற இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஓட முடியாது. கொழுந்தனுக்கும் அது தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும். கப்பல் கம்பெனி கேட்டிருந்த சான்றிதழ்களை அவள் பேசாமல் ஓர் உறையில் எடுத்துவைத்தாள்.

இங்கே பலகை அக்கா ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள். சுமை வேண்டும், அதுவும் நிஜமான சுமை. கணவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக் கடையில் சொல்லிவைத்து, கழித்துப் போட்ட கார் முகப்பு விளக்குகளை ஒரு கூடை நிறைய வாங்கி வந்தார். அவற்றை ஒரு நீளச் சட்டத்தில் வரிசையாகக் கட்டினாள். எல்லாவற்றையும் எரியவிட்டால் முன்னறை கல்யாண மண்டபம்போல் ஜொலித்தது. சூடு வேறு. கணவர் துவைத்த சீருடையைக் கொண்டுவந்து எதிரில் மாட்டினார். "கரண்ட்டுதான் வீணாகுது, சட்டையாவது காயட்டும்" என்றார்.

ஒவ்வொரு ஊசியாக மீட்டரை வைத்தாள். ஒரு விளக்கு, இன்னொரு விளக்கு, இன்னொன்று. பெரும்பாலான ஊசிகள் எதற்கும் அசையவில்லை. ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊசி மட்டும், விளக்கு ஒன்று ஏற ஏற, மீட்டரில் ஒரு படி ஏறியது. அணைக்க அணைக்க ஒரு படி இறங்கியது. அவள் மறுபடியும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து செய்து பார்த்தாள். அதே ஊசிதான். தன் சுமையை அது ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்க எதிர்முனையில் யாரையும் அவள் வைக்கவில்லை.

மூன்று சப்ளைகளின் அந்த ஊசிகளையும் தலைமுடிபோல் மெல்லிய ஒரு கம்பியால் இணைத்தாள். சுவிட்சில் விரலை வைத்துக் கண்களை மூடினாள். கணவர் இந்தத் தடவை எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்றார். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. முதல் சப்ளையின் ஃபேன் வழக்கம்போல் விசில் எடுக்கத் தொடங்கியது, தொடங்கியதும் தயங்கியது, பிறகு மெல்லத் தணிந்து மற்ற இரண்டோடும் சேர்ந்துகொண்டது. மூன்றிலும் கையை வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே வெதுவெதுப்பு.

"இந்த நூலுக்கா இவ்வளவு வேலை?" என்றார் கணவர்.

அவள் விளக்கினாள். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"எங்க ரூட்லயும் இதுதான். மூணு வண்டி ஒண்ணு பின்னால ஒண்ணா வந்தா, கொஞ்சம் முந்தி வர்றவன் வண்டிலதான் அத்தனை ஜனமும் ஏறும். ஏற ஏற அவனுக்கு லேட்டாகும். லேட்டாக ஆக அடுத்த ஸ்டாப்ல இன்னும் கூட்டம். பின்னாடி வர்றவன் காலி சீட்டை வெச்சுக்கிட்டுக் காத்து வாங்கிட்டு வருவான்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"ஜன்னல் வழியாக் கையை நீட்டி இப்படி ஆட்டுவோம். என்னால முடியல, நீ முந்திப் போன்னு அர்த்தம். பின்னாடி வர்றவன் உடனே முந்திப் போய் அடுத்த ஸ்டாப் ஜனத்தை ஏத்திக்குவான். யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கையை ஆட்டாம, நானே இழுத்துடுவேன்னு போறவனும் உண்டு. அவன் வண்டிதான் நடுவழில நிக்கும்."

புதுப் பலகையில் அவள் செம்பைத் தாராளமாகவே விட்டாள். ஆனால் அதிக நேரம் எடுத்துக்கொண்டு வரைந்தது அந்த மெல்லிய கோட்டைத்தான். பெரிய மின்சாரம் ஓடும் இடத்திலிருந்து அதைத் தள்ளி, அதன் மின் இரைச்சல் படாமல், இரண்டு பக்கமும் வேலி கட்டினாற்போல் எர்த் இணைப்புள்ள செம்பு விட்டு, மூன்று ஊசிகளுக்கும் ஒரே தூரம் வருமாறு கொண்டுபோனாள். மெதுவாகப் பேசுகிறவர் பேசும்போது நாம் கதவைச் சாத்திக் கேட்பதுபோல.

பலகைகள் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்தபோது மாதம் முடிகிற நேரமாகிவிட்டது. பாகங்களைப் பற்றவைத்து, எல்லா விளக்குகளையும் ஒரு பகல் முழுக்க எரியவிட்டு, தொட்டுத் தொட்டுப் பார்த்த பிறகே அவற்றை அறைக்கு எடுத்துப் போனாள். கொழுந்தன் பழைய பலகைகளைக் கழற்றினான். இவள் புதியவற்றை மாட்டினாள். அப்போது காலை நேரம். நர்ஸ் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரை காத்திருக்கலாம் என்றான் கொழுந்தன். அண்ணி வேண்டாம் என்றாள்.

"அவங்க எழுந்துட்டாங்கன்னா பலகை சரியில்லைன்னு அர்த்தம். அதைவிட நல்ல மீட்டர் என்கிட்ட இல்ல."

கண்களை மூடினாள். ஒவ்வொரு ரிக்காகப் போட்டாள். நான்காவதும் ஓடத் தொடங்கிய பிறகு இருவரும் நின்று கேட்டார்கள். சத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் யாரோ ஃபேன் போட்டிருப்பதுபோல ஒரு சீரான மூச்சு. அதற்குக் கீழே, வேறு ஏதோ ஒன்று, கரகரவென்று, விட்டுவிட்டுக் கேட்டது. கொழுந்தன் பழுதோ என்று பயந்து பலகையின் அருகே குனிந்தான்.

"அது கீழேருந்து வருது" என்றாள் அவள். "கத்தரிக்கோல்."

தையல்காரர் வெட்டுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்க்கிறார்போலும். பிறகு கத்தரிக்கோல் மறுபடி நடக்கத் தொடங்கியது.

பக்கத்து அறைக் கதவு திறக்கவில்லை.

பலகை அக்கா பழைய பலகைகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, பழுப்பேறிய கனெக்டரை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். அதை எறிய அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டு மேசையின் ஓரத்தில், கணினிக்குப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது.

மாதத்தின் கடைசி நாள். கொழுந்தன் மகளையும் கூட்டிக்கொண்டு அறைக்குக் காலையிலேயே வந்துவிட்டான். வழியெல்லாம் சொல்லிக் கூட்டிவந்ததால் பாப்பா படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ரகசியக் குரலில் "அப்பா" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். மேல்படியில் அவன் மடியில் உட்கார்ந்தாள். நர்ஸ் அம்மா தூங்கறாங்க என்று அவன் விரலை உதட்டில் வைத்துக் காட்ட, அவளும் வைத்துக் காட்டினாள். பின்னால் திறந்த கதவு வழியாக நான்கு ரிக்குகளும் ஓடிக்கொண்டிருந்தன.

போன் வந்தது. கப்பல் கம்பெனி ஆள்.

அவன் வணக்கம் சொன்னான். இந்தத் தடவை ஏறவில்லை, இனிமேலும் ஏறுவதாக இல்லை, இத்தனை நாள் வேலை கொடுத்ததற்கு நன்றி என்று தாழ்ந்த குரலில் சொன்னான். பிறகு அவர் கேட்டார், ஏன் இப்படி மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று.

"பக்கத்துல ஒருத்தங்க தூங்கறாங்க சார்."

"எஞ்சின் சத்தத்தையே காணோமே. எங்க இருக்கீங்க இப்ப?"

பாப்பா அவனுடைய சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள். அவன் அவள் தலைமேல் கையை வைத்தான்.

"வீட்டுலதான் சார் இருக்கேன்" என்றான்.